வருடக்கணக்கில் விட்ட வகுப்புக்கு நேரே போவதா, தனியே உடம்பைத் தேற்றிவிட்டுப் போவதா?

உவர்மலைக்காரி:
2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதோடு திருகோணமலையில் எங்கள் பின்னேர ஏரோபிக்ஸ் வகுப்பு நின்றது. இடையில் திறந்தார்கள், 2021 ஆகஸ்டில் திரும்பவும் பூட்டு. 2022இல் பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை. ஃபேன் சுற்றாத மண்டபத்தில் இருபது பேர் துள்ள ஏலாதே. பிறகு மகளின் ஓ.எல். சோதனை, மாமி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல். இப்படியே போய்விட்டது. இப்போது அதே ரீச்சர் வேறு மண்டபத்தில் தொடங்கியிருக்கிறார், வாரத்தில் மூன்று நாள், பின்னேரம் ஐந்தரைக்கு.

எனக்கு 47 வயது. பிரஷர் இல்லை, சீனி எல்லையில் நிற்கிறது, குளிசை இல்லை. வீட்டில் அவர் சொல்கிறார், "முதலில் இரண்டு மாதம் நட, கொஞ்சம் மெலிந்த பிறகு போ" என்று. மெலியத்தானே போகிறேன் என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோட்டைவாசல்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. வகுப்பில் வேகத்தை முடிவெடுப்பது நீங்கள் இல்லை. பாட்டு முடிவெடுக்கும், முன்வரிசையில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை முடிவெடுக்கும். பக்கத்தில் நிற்பவள் காலைத் தூக்கினால் நாங்களும் தூக்குவோம், அது மனித சுபாவம்.

விடியக் காலையில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குங்கள். ஏற்றம் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது. மான் வழியை மறித்தால் நின்று மூச்சு வாங்கலாம், ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு சதம் செலவில்லை.

இன்னொன்று, நீங்கள் எழுதிய காரணங்களை நீங்களே திரும்ப வாசியுங்கள். மண்டபம், கரண்ட், பெற்றோல், ரீச்சர், இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வகுப்பு நின்றுவிடும். நடைக்கு இதில் எதுவும் தேவையில்லை.

உவர்மலைக்காரி:
ஊரடங்கு நேரம் நீங்கள் கோட்டைக்குள்தான் நடந்தீர்களாக்கும்?

கோட்டைவாசல்:
வீட்டு முற்றத்தில் நடந்தேன். நடையை விடவில்லை.

கிண்ணியா மருமகள்:
அண்ணன், நீங்கள் ஆம்பிளை, சுகமாகச் சொல்லிவிட்டீர்கள். விடிய ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது யார்? பின்னேரம் டச்பே கடற்கரையில் ஒரு பொம்பிளை தனியே கையை வீசி நடந்து பார்க்கட்டும். நாய் ஒரு பக்கம், மோட்டார் சைக்கிளில் போகிறவனின் கதை இன்னொரு பக்கம். பெண்கள் மட்டும் இருக்கிற மண்டபம், கதவு சாத்தியிருக்கும், அபாயாவைக் கழற்றிவிட்டுச் சுதந்திரமாகக் கையைக் காலை ஆட்டலாம். நான் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவது அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான். நடை நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான்.

லிங்கநகர் பொடியன்:
இரண்டு பகுதியும் பிழை. நடையும் வேண்டாம், டான்ஸும் வேண்டாம், ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்குங்கள். முதல் நாளே உடம்புக்கு ஒரு ஷொக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் முழிக்கும்.

ஸ்டெப் ரீச்சர்:
தம்பி, அந்த ஷொக் கதையை இங்கே வாசிக்கிற ஒருவரும் நம்பிவிடக் கூடாது என்றுதான் எழுத வந்தேன். நான் இங்கே பெண்களுக்கு வகுப்பு எடுப்பவள். (உவர்மலை அக்கா சொல்கிற ரீச்சர் நான் அல்ல.)

புதிய உடற்பயிற்சிக்குப் பிறகு தசை உளைவது சாதாரணம். ஒரு நாளில் இருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். ஆனால் பழக்கம் விட்டுப்போன உடம்பை முதல் நாளே பிழிந்தால் தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். கை கால் வீங்கி, சிறுநீர் பால் போடாத பிளேன்ரீ நிறத்தில் போனால் வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் விளையாட்டில்லை.

இனி அக்காவின் கேள்வி. எனக்குப் புதிதாக வருபவர்களைப் பற்றிப் பயமே இல்லை. அவர்களுக்கு ஸ்டெப் தெரியாது, தடுமாறுவார்கள், தானாகவே மெதுவாகிவிடும். விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் என் தலையிடி. கால் எதையும் மறப்பதில்லை. பாட்டுப் போட்டவுடன் கிரேப்வைன், வீ-ஸ்டெப், முழங்கால் தூக்கல் எல்லாம் வரிசையாக வரும். ரீச்சர் சொல்ல முதல் திரும்பிவிடுவார்கள். ஆனால் மூச்சுப்பலம் என்பது பயிற்சியை விட்டு இரண்டு, நான்கு கிழமைக்குள்ளேயே இறங்கத் தொடங்கும், தசைப்பலம் அதைவிட ஆறுதலாக இறங்கும். திரும்பத் தொடங்கினால் தசை கெதியாகத் தேறும், தசையை எலும்போடு கட்டுகிற நாண்கள் மெதுவாகத்தான் தேறும். மூன்றாம் நான்காம் கிழமையில் "இப்போது நல்லா இருக்கு ரீச்சர்" என்று சொல்லித் துள்ளத் தொடங்குவார்கள், குதிகாலுக்கு மேலே நாண் பிடித்துக்கொள்ளும். அல்லது முழங்காலுக்குக் கீழே நோவு. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அதனால் வகுப்புக்கே வாருங்கள், ஆனால் புதியவராக வாருங்கள். கடைசி வரிசை, கதவடி. முதல் இரண்டு மூன்று கிழமை அரை வகுப்பு போதும், நடுவில் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போங்கள். துள்ளல் வந்தால் நின்ற இடத்தில் மார்ச். உங்களால் பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வசனம் கதைக்க முடிய வேண்டும், ஆனால் ஓடுகிற பாட்டைச் சேர்ந்து பாட ஏலாமல் இருக்க வேண்டும். அதுதான் நடுத்தர வேகம், அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

கோட்டைவாசல் அண்ணா, நடை நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டலில் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகப் பயிற்சி என்று சொன்னதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளைப் பலப்படுத்தவும் சொல்லியிருக்கிறது. கோயில் ஏற்றம் தொடைக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும். தோளுக்கும் முதுகுக்கும் என்ன செய்கிறீர்கள்?

கோட்டைவாசல்:
தண்ணீர் வாளி தூக்குகிறேன்.

பகிடியை விடுவோம். நீங்கள் உங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்கிறீர்கள், ரீச்சர். எல்லா இடமும் அப்படியா? இப்போது எங்கே பார்த்தாலும் இருபது செக்கன் அடி, பத்து செக்கன் நிறுத்து, திரும்ப அடி. தபாட்டா என்று பெயரும் போட்டுவிட்டார்கள். ஜப்பானில் இசுமி தபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து பிரபலமானது அது. அதில் பயிற்சி எடுத்தவர்கள் உடற்கல்வி படித்த இளம் ஆண்கள், பெரும்பாலும் ஏற்கெனவே விளையாட்டு வீரர்கள். சைக்கிள் இயந்திரத்தில் இருந்து மிதித்தார்கள். தரையில் விழுந்து எழும்பவில்லை, குதிக்கவில்லை. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து, சிமெந்தின் மேல் மாபிள் பதித்த கலியாண மண்டபத்தில், வீட்டுச் சப்பாத்தோடு வந்த நாற்பத்தேழு வயது அம்மாவை, குந்திக் கையூன்றிக் காலைப் பின்னால் எறிந்து எழும்பித் துள்ளுகிற பேர்பி போடச் சொன்னால் முழங்கால் என்னாவது?

காசுக் கதையும் இருக்கிறது. என் மனைவி ஓர் இடத்தில் ஆறு மாதக் காசை ஒரேயடியாகக் கட்டினார். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடமும் இல்லை. 2020இல் பூட்டினார்கள். வகுப்பும் இல்லை, காசும் இல்லை, போன் எடுத்தால் பதிலும் இல்லை. நாடு பூட்டியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், சரி. ஆனால் நடக்காத வகுப்புக்கு வாங்கிய காசு யாருடைய காசு?

உவர்மலைக்காரி:
காசுக் கதையில் நான் உங்கள் பக்கம் அண்ணா. மற்றதில் இல்லை. எனக்கு நடக்கத் தெரியாமலா இத்தனை வருடம் இருந்தேன்? சப்பாத்தும் இருக்கிறது, வீதியும் இருக்கிறது. இன்றைக்கு மழைக்குணம், நாளைக்கு விருந்தாட்கள், நாளையன்றைக்கு நாரிப்பிடிப்பு. ஒருத்தரும் "ஏன் வரவில்லை" என்று கேட்காத காரியத்தை என்னால் தொடர்ந்து செய்ய முடியவில்லை. வகுப்பில் ஒரு நாள் தவறினால் இரவு எட்டு மணிக்கு நாலு பேர் மெசேஜ் போடுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அடுத்த நாள் போவேன்.

உங்களுக்கு முற்றத்தில் தனியே நடக்க முடிந்திருக்கிறது. அது உங்கள் குணம். எல்லாருக்கும் அந்தக் குணம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மருந்து எழுதுகிறீர்கள்.

சீனக்குடா ஐயா:
இளைப்பாறியவன் நான். பிள்ளைகள் சண்டையை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று விஷயம் ஒருவரும் சொல்லவில்லை.

சீனிக்குக் கிளிக்கிளாசைட் மாதிரிக் குளிசை எடுப்பவர்கள், அல்லது இன்சுலின் போடுபவர்கள், மத்தியானம் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குத் துள்ளப் போகக் கூடாது. சீனி திடீரென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று வரும், அதைக் "களைப்பு" என்று நினைத்துக்கொண்டு தொடர்வார்கள். பையில் குளுக்கோஸோ இனிப்போ இருக்க வேண்டும், ரீச்சருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மெற்போமின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போவது எல்லாருக்கும் நல்லது.

அடுத்தது நாடித்துடிப்பு. 220இல் இருந்து வயதைக் கழித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறார்கள். அது சராசரிக் கணக்கு. ஒரே வயதுக்காரர் இரண்டு பேருக்கே பத்துப் பதினைந்து துடிப்பு முன்பின் இருக்கும். பிரஷருக்கு அட்டெனொலோல் எடுப்பவருக்கு அந்தக் கணக்குச் சரியே வராது, மருந்து துடிப்பை அடக்கி வைத்திருக்கும். ரீச்சர் சொன்ன கதைக்கிற கணக்குத்தான் நல்லது.

காய்ந்த, சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூடிய மண்டபம் சூளைதான். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று இரண்டு கிழமை வேண்டும். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

கிண்ணியா மருமகள்:
ஜன்னலைத் திறந்தால் வீதியில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் ஐயா. மேல் ஜன்னல் என்றால் சரி.

ஆம்பிளைகள் வாசித்தாலும் பரவாயில்லை, ஒன்று எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காகவே வகுப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று பிள்ளை பெற்ற பிறகு துள்ளினால் சிறுநீர் கசிகிறது. ஜம்பிங் ஜாக் தொடங்கினால் தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி வெளியே போய்விடுவேன். யாரிடமும் கேட்கவும் வெட்கம். நடையில் இந்தப் பிரச்சினை இல்லை என்பதை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஸ்டெப் ரீச்சர்:
தங்கச்சி, என் வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் கையைத் தூக்குவார்கள், கேட்பதில்லை, அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்களுக்கும் மாதவிடாய் நிற்கிற வயதில் உள்ளவர்களுக்கும் பரவலாக இருப்பது இது. இடுப்படியில் சிறுநீர்ப்பையைத் தாங்குகிற தசைகளுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இறுக்கிப் பிடித்து, பிறகு முழுவதும் விட வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது. சில மாதம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறையும். குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இருக்கிறது, பெண் வைத்தியரிடமும் கேட்கலாம். அதுவரை துள்ளலே வேண்டாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிற மாதிரி முழு வகுப்பையும் செய்யலாம், வியர்வை ஒரு துளியும் குறையாது.

லிங்கநகர் பொடியன்:
வெயிட் தூக்கினால் இதெல்லாம் வராது.

கிண்ணியா மருமகள்:
பாரம் தூக்கினாலும் கசியும் தம்பி. நீங்கள் பிள்ளை பெற்றுப் பாருங்கள்.

உவர்மலைக்காரி:
சரி, என் பயம் என்னவென்று இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. முழங்காலும் இல்லை, மூச்சும் இல்லை. முன்பு நான் முன்வரிசை. ரீச்சர் வராத நாளில் நான்தான் எண்ணிக்கை சொல்வேன். அதே ஆட்கள் முன்னால் கடைசி வரிசையில் கதவடியில் நின்று மார்ச் பண்ணுவதை நினைத்தால்தான் "முதலில் மெலிந்துவிட்டுப் போகலாம்" என்று எனக்கும் தோன்றுகிறது. வீட்டுக்காரர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கோட்டைவாசல்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். வெட்கம் இருக்கிற இடத்தில் உடம்பு சொல்வது காதில் விழாது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மாதம் தேறிவிட்டுப் போனால் அந்த வெட்கமும் இல்லை, காயமும் இல்லை.

ஸ்டெப் ரீச்சர்:
ஒரு மாதம் என்று போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அக்கா, உங்கள் பழைய ஆட்களில் பாதிப்பேர் இப்போது கடைசி வரிசைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் அதே ஊரடங்கு, அதே மின்வெட்டு, அதே புயல்.

உவர்மலைக்காரி:
செவ்வாய்க்கிழமை போகிறேன். ஆறு மணிக்கு வகுப்பில் இருந்து வெளிக்கிட்டு வந்துவிடுவேன், முழு வகுப்பு இல்லை. சனிக்கிழமை விடிய மகளையும் கூட்டிக்கொண்டு கோயில் ஏற்றம். இது உங்களுக்கு விட்டுக்கொடுத்தது இல்லை அண்ணா, மகளுக்கு மான் பார்க்க ஆசை.

கோட்டைவாசல்:
மானுக்கு பொலித்தீன் பையோடு சாப்பாடு போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஸ்டெப் ரீச்சர், உங்களிடம் நேரே ஒரு கேள்வி. திரும்ப ஒரு ஊரடங்கோ புயலோ வந்து வகுப்பு நின்றால், கட்டிய காசு என்னாகும்?

ஸ்டெப் ரீச்சர்:
மாதக் காசு நான் வாங்குவதில்லை. வந்த நாளுக்கு மட்டும், வகுப்பு முடிந்து போகும்போது கதவடியில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அரை வகுப்பு என்றால் அரைக் காசு.

கோட்டைவாசல்:
அப்படியென்றால் மனைவியிடம் சொல்கிறேன். நான் வரமாட்டேன்.

ஸ்டெப் ரீச்சர்:
உங்களுக்கு அங்கே இடமும் இல்லை அண்ணா, அது பெண்கள் வகுப்பு. மனைவியிடம் நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், எங்களுடையதும் மாபிள் தரைதான்.