லின் இல்லாத எலியில் பி செல் ஏன் அடங்கவில்லை?

கயல்:
எம்.எஸ்சி. படிக்கிறேன், அடுத்த வாரம் வகுப்பில் பி செல் (ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளை அணு) பற்றிப் பேச வேண்டும். ஆன்டிஜென் (கிருமி போன்ற அந்நியப் பொருள்) அதன் ஏற்பியில் ஒட்டியதும் முதலில் வேலையைத் தொடங்குவது லின் என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதிதானே? அப்படியானால் லின் மரபணுவை நீக்கிய எலியில் பி செல்கள் மந்தமாக அல்லவா இருக்க வேண்டும்! 1995-இல் வந்த கட்டுரைகளில் தலைகீழாக இருக்கிறது. ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி எகிறுகிறது, சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடி வருகிறது, சிறுநீரகம் கெடுகிறது. எங்கே இடிக்கிறது?

தேன்மொழி:
கயல், லினுக்கு இரண்டு வேலை. ஏற்பியின் வாலில் ஐடாம் என்ற, செல்லைத் தூண்டிவிடும் பகுதியில் பாஸ்பேட் ஏற்றுவது ஒன்று. லின் இல்லாவிட்டால் அதை ஃபின் போன்ற உறவுக்காரக் கைனேஸ்கள் ஓரளவு சமாளிக்கும். செல்லின் மேலுள்ள சிடி22 என்ற புரதத்தின் வாலில், ஐடிம் என்ற அடக்கும் பகுதியில் பாஸ்பேட் ஏற்றி, பாஸ்பேட்டைக் கழற்றும் எஸ்எச்பி-1 என்ற நொதியை அங்கே வரவழைப்பது இன்னொன்று. அதுதான் பிரேக். அதற்கு லினை விட்டால் சரியான ஆள் இல்லை.

நான் இதைக் கால்சியம் சோதனையில் பார்த்துத்தான் நம்பினேன். ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறும். கால்சியத்தைக் காட்டும் இண்டோ-1 சாயத்தைச் செல்லில் ஏற்றி, செல்களின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓடவிட்டு, நடுவில் ட்யூபை எடுத்து, ஏற்பியைத் தூண்டும் ஆன்டி-ஐஜிஎம் சேர்ப்போம். சாதாரண செல்லில் கோடு சட்டென்று ஏறி, மெல்ல இறங்கும். லின் இல்லாத செல்லில் ஏறவே தாமதம். ஏறிவிட்டால் இறங்க மாட்டேன் என்று நிற்கும். தாமதம் முதல் வேலை போனதால், இறங்காதது இரண்டாவது போனதால். அந்த வரைபடத்தை அவசியம் காட்டுங்கள், அவ்வளவு அழகு!

மருத்துவர் இளங்கோ:
கூடவே பிடிகே என்ற இன்னொரு கைனேஸையும் சொல்லலாம். 1952-இல் ஆக்டன் புரூட்டன் 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலினே (ஆன்டிபாடிகள் அடங்கிய புரதம்) இல்லை என்று எழுதினார். இந்த நோய்க்குக் காரணம் பிடிகே மரபணுக் கோளாறு என்பது 1993-இல்தான் தெரிந்தது. அங்கே பி செல் முதிர்வதே நின்றுவிடுகிறது.

கயல்:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. அப்புறம், பிரேக் பற்றிப் படிக்கும்போது ஷிப் என்றும் வருகிறதே, எஸ்எச்பி-1, ஷிப் இரண்டும் ஒன்றா?

தேன்மொழி:
இல்லைம்மா. எஸ்எச்பி-1 பாஸ்பேட்டைக் கழற்றுவது புரதத்திலிருந்து. ஷிப் வந்து உட்காருவது எஃப்சி காமா ஆர்2பி என்ற இன்னொரு பிரேக் ஏற்பியின் வாலில். அது கழற்றுவது சவ்விலுள்ள பிஐபி3 என்ற கொழுப்பிலிருந்து. பிஐபி3 குறைந்தால் டாக்டர் சொன்ன பிடிகேக்குச் சவ்வில் ஒட்டப் பிடிமானம் இருக்காது. ஸ்லைடில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.