இரட்டைக் குழல் செய்ய வழிகாட்டுங்கள்

வணக்கம். இத்தாலியின் அசிசி நகரில், புனித பிரான்சிஸ் பேராலயத்தின் கீழ்த்தளத்தில், சிமோனே மார்த்தினி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியம் ஒன்று உண்டு. புனித மார்ட்டின் போர்வீரராகப் பட்டம் ஏற்கும் காட்சி. ஓரத்தில் ஒரு கலைஞர் இரண்டு குழல்களைச் சேர்த்து ஊதுகிறார், கைக்கு ஒன்றாக. அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியவில்லை.

ரெக்கார்டர் என்ற மேற்கத்திய ஊதுகுழல் வாசிப்பவன் நான். அதே போல ஒன்றை மரத்தில் செய்து பார்த்தேன். ஒரு குழல் நன்றாகப் பேசுகிறது. மற்றது மூச்சு போதாமல் சீறுகிறது. கொஞ்சம் அழுத்தி ஊதினால் முதல் குழல் மேல்ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. காற்றுவழியின் அகலத்தைக் குறைக்க வேண்டுமா, ஊதுவாயின் விளிம்பைச் சீவ வேண்டுமா?

பால்கன் நாடுகளின் த்வொய்னிட்சே என்ற இரட்டைக் குழலில் இரு குழாய்களையும் ஒரே மரத்துண்டில் குடைகிறார்கள். அதைச் செய்தவர்கள், வாசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் கிடைத்த பழைய இரட்டை ரெக்கார்டரின் உள்விட்டம், துளை இடைவெளி காட்டும் வரைபடம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த மரத்துண்டை அறுக்காமல் வைத்திருக்கிறேன்.