புதிதாகச் சேர்பவர்கள் சங்கத்தில் நிற்பதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் நான் செயலாளர். ஜூலையில் ஆறு இளைஞர்கள் சேர்ந்தார்கள். பொங்கலுக்குள் நான்கு பேரைக் காணோம். ஒருவரைக் கேட்டேன். "சால்வை போடுறதைப் பார்க்கவா அண்ணே வாராவாரம் வரணும்?" என்றார். சுருக்கென்றது, ஆனால் நியாயம்தான். குளக்கரையில் பனைவிதை நட்ட அன்று மட்டும் அத்தனை பேரும் சேற்றில் நின்றார்கள்.

சம்பா நடவு நேரத்தில் வயல்காரர்கள் மாலைக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? ரோட்டரியில் 2016-லேயே மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். எங்கள் பெரியவர்கள் அசைவதாக இல்லை.

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் சங்கம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்: புதியவருக்கு முதல் மாதமே என்ன பொறுப்பு கொடுக்கிறீர்கள்? சந்தாவை அறுவடைக்குப் பிறகு வாங்கலாமா? அப்புறம், பெரியவர்களிடம் இதை எப்படிப் பேசினீர்கள்?