எந்த ஓ'மாலி? அயர்லாந்தின் மேற்குக் கரையில் சில சந்திப்புகள்

வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஒருவர்:

மேயோ பகுதிக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே, யாராவது தம் குடும்பப்பெயர் ஓ'மாலி என்றால் "எந்த ஓ'மாலி?" என்று கேட்கப் பழகிவிட்டேன். அலுவலகம், கடை, தேவாலய அறிவிப்புப் பலகை, எங்கும் அவர்கள்தாம். ஊர்க்காரர்கள் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ பட்டப்பெயரையோ ஒட்டி ஆளை அடையாளம் காட்டுகிறார்கள்.

இத்தனை ஓ'மாலிகள் இருப்பதற்குக் காரணம் க்ளூ விரிகுடா. அதைச் சுற்றியுள்ள நிலத்தைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட குலம் இது. 'ஓ' என்றால் பேரன், அதாவது வழித்தோன்றல். மாடும் மேய்ச்சலுமே செல்வம் என்றிருந்த நாட்டில் இவர்கள் கடலை நம்பினார்கள். மீன்பிடி, வணிகம், கூலிப்படையை ஏற்றிச் செல்வது, வாய்ப்புக் கிடைத்தால் கொள்ளை. 'நிலத்திலும் கடலிலும் வலியோர்' என்பது குலத்தின் லத்தீன் வாசகம். விரிகுடாவின் வாயிலில் உள்ள க்ளேர் தீவின் பழைய மடாலயச் சுவரில் குலச்சின்னத்தைக் கல்லில் பார்க்கலாம்.

அந்தத் தீவுக்குப் போகும் படகில் ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ஓ'மாலி. பதினாறாம் நூற்றாண்டின் கடல் தலைவி கிரான்யா ஓ'மாலியின் வம்சமா என்று ஆவலோடு கேட்டேன். "அது எப்படி முடியும்? அவள் பெற்ற பிள்ளைகள் ஓ'ஃப்ளஹர்ட்டியும் பர்க்கும் அல்லவா" என்று சிரித்தார். பெயர் தகப்பன் வழியில்தானே போகும்! நம் கணக்கில் இவர்களுக்கு அவர் அத்தை முறை.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆங்கிலேய ஆளுநர் பிங்கம் கிரான்யாவின் மகனைச் சிறைப்பிடித்தபோது, 1593-இல் கிரான்யா கப்பலேறிப் போய் கிரீனிச்சில் எலிசபெத் அரசியை நேரில் கண்டு முறையிட்டார். அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும் லண்டன் ஆவணங்களில் இன்றும் இருக்கின்றன. ஆனால் 1630-களில் துறவி ஒருவர் தலைமையில் அயர்லாந்து அறிஞர்கள் தொகுத்த பெரிய வரலாற்றுக் குறிப்பேட்டில் அவருடைய பெயர்கூட இல்லை. எதிரி எழுதி வைத்ததால்தான் பிழைத்திருக்கிறார்.

டப்ளினிலிருந்து ஒருவர்:

ஆவணம் என்றதும் என் கதை. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தம் ஓ'மாலி முன்னோரைத் தேட, நான் துணைக்குப் போனேன். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் முழுமையாக, இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. அதற்கு முன்னால் போனால் பெரும் பள்ளம். 1821 முதல் 1851 வரையிலான கணக்குகளில் பெரும்பகுதி 1922-இல் உள்நாட்டுப் போரின்போது ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861, 1871 கணக்குகளை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. எஞ்சிய துணை, வரிக்காக எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீடு. அதில் குடியிருந்தவர் பெயர்தான் உண்டு, பிள்ளைகள் கிடையாது. 'ஓ' இல்லாமல் வெறும் 'மாலி' என்று தேடிய பிறகுதான் நண்பருக்கு ஏதோ தட்டுப்பட்டது.

கால்வேயிலிருந்து ஓர் அம்மா:

என் மகள் படிப்பது ஐரிஷ் வழிப் பள்ளி. ஓர் ஓ'மாலி வீட்டின் மூவரை வகுப்புப் பட்டியலில் மூன்று குடும்பங்கள் என்றே எண்ணியிருந்தேன். பையன் 'ஓ மாலியா', அவன் தங்கை 'நீ வாலியா', அம்மா 'ஈ வாலியா'. மகளுக்கும் மருமகளுக்கும் முன்னொட்டு வேறு, முதல் எழுத்தும் மாறிவிடுகிறது. பிறந்தநாள் அழைப்பிதழை மூன்று உறைகளில் போட்டு அனுப்பியிருந்தேன். அந்த அம்மா மூன்றையும் திருப்பிக் கொடுத்து, "ஒரு கேக் போதும்" என்றார்.