ஒரிஜின் கதைகளில் இன்னும் உங்களை நச்சரிக்கும் ஒரு கட்டம் எது?

பழைய புத்தகக் கட்டு:
ஹீரோவோ வில்லனோ, ஆள் எப்படி உருவானான் என்ற கதையைக் கேட்கிறேன். சினிமாவில் பார்த்தது வேண்டாம், காமிக்ஸ் மட்டும். முதலில் என்னுடையது.

இரும்புக்கை மாயாவி. இங்கே தெரியாதவர் யாரும் இல்லை, அதனால் நீட்டவில்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் பிள்ளையார் சுழி போட்டதே அவரை வைத்துத்தான். ஆனால் நான் வளர்ந்தது பிந்தைய சாகசங்களில். நிழற்படை உளவாளி, ப்ளக் பாயின்டில் விரலை விட்டால் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும், நல்லவர். முதல் கதை கல்லூரி முடித்த பிறகுதான் மறுபதிப்பில் கிடைத்தது. அதில் மாயாவி வெறும் லூயிஸ் கிராண்டல், புரொஃபசர் பாரிங்கரின் சோதனைக்கூடத்தில் உதவியாள். கை ஏற்கெனவே போய்விட்டது. விபத்து, மின்சாரம், உடல் மறைகிறது. சரி, இனி உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவார் என்று பக்கத்தைப் புரட்டினால் ஆள் குற்றம் செய்யக் கிளம்புகிறார்!

அந்தரத்தில் ஒரு கை. விரல்கள் பாதி மடங்கியிருக்கின்றன. துளி நல்லெண்ணம் கிடையாது. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வெறும் உலோகத்துக்கு முகபாவம் கொடுத்திருக்கிறார். தெருவே கும்பிடும் பெரியவர் இளவயதில் ஜெயிலுக்குப் போனவர் என்று யாரோ சொன்னது போல இருந்தது எனக்கு. இப்போது எந்த மாயாவி கதையை எடுத்தாலும், இந்த மனுஷன் மறுபடி புத்தி மாறிவிட்டால் என்ன ஆகும் என்றுதான் நினைப்பு ஓடுகிறது.

கூர்மண்டையர் ரசிகை:
அண்ணா, மாயாவிக்காவது விபத்து என்ற சாக்கு உண்டு. நம் ஸ்பைடருக்கு? (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு.) 1965-ல் இங்கிலாந்தின் லயன் வார இதழில் வந்து இறங்கும்போதே குற்றச் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்றுதான் இறங்குகிறார். பூட்டு உடைக்க ஆர்டினி, ஆராய்ச்சிக்குப் பெல்ஹாம், வேலை தொடங்கிவிட்டது. எந்த ஊர், யார் பிள்ளை, ஏன் அந்தக் கூர்காது? மூச்சு இல்லை. பிறகு நல்லவர் பக்கம் வந்ததும் அவர் இஷ்டம்தான்.

என் தாத்தா ஒரு மத்தியானம் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி முழுசாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இவன் நல்லவனா கெட்டவனாம்மா?" என்றார். ஜெயிச்சுட்டாரு தாத்தா என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இதில் வேடிக்கை, ஸ்பைடரைப் பின்னால் எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஒரு கிரகமே அழிந்து குழந்தை மட்டும் பூமிக்கு வருவதை 1938-ல் ஒரே பக்கத்தில் சொல்லி முடித்தவர்.

பிராஸ் பாஸா வாசகன்:
பேட்மேனின் ஒரிஜின் என்றால் எல்லாரும் அந்த இருட்டுச் சந்துக் காட்சியைத்தான் சொல்வார்கள். அப்பா, அம்மா, துப்பாக்கி, 1939-லேயே முத்து மாலை அறுந்து மணிகள் சிதறும். என்னை நச்சரிப்பது அதற்கு அடுத்த கட்டம்.

சிங்கப்பூரில் பழைய புத்தகக் கடையில் ஒரு மறுபதிப்புத் தொகுப்பு கிடைத்தது. அதில் பேட்மேன் 47-ஆம் இதழ், 1948. பெற்றோரைக் கொன்றவனுக்கு ஜோ சில் என்று பெயர் வைத்தது அந்தக் கதைதான். பேட்மேன் அவன் எதிரே போய் நின்று முகமூடியைக் கழற்றுகிறார். நீ கொன்றவர்களின் மகன் நான், உன்னை இனி நிழலாகத் தொடர்வேன் என்கிறார். சில் பதறிப்போய்த் தன் கூட்டாளிகளிடமே ஓடுகிறான். என்னைக் காப்பாற்றுங்கள், நான் அவன் அப்பாவைக் கொன்றேன், அதனால்தான் அவன் பேட்மேன் ஆனான் என்று உளறுகிறான். அத்தனை பேரும் பேட்மேனிடம் உதை வாங்கியவர்கள். "இவ்வளவுக்கும் நீதான் காரணமா?" என்று சுட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் ஒருவனுக்கு உறைக்கிறது, பேட்மேன் யார் என்று கேட்காமலே சுட்டுவிட்டோமே என்று.

கடையை மூடப்போகிறோம் என்று கடைக்காரர் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். நான் நகரவே இல்லை.

ராமபாணம்:
சிங்கப்பூர் நண்பரே, ஒரு திருத்தம். 1939-ல் மணி எதுவும் சிதறவில்லை. டிடெக்டிவ் காமிக்ஸ் 33-ஆம் இதழில் திருடன் கழுத்து மாலையைக் கேட்கிறான், அவ்வளவுதான். அறுந்து, சிதறி, ஒவ்வொரு மணியாக உருள்வது 1986-ல் ஃபிராங்க் மில்லர் செய்தது. அதற்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் அதையே வரைந்ததால் ஆதியிலிருந்தே இருந்ததாக ஆகிவிட்டது. ஸ்பைடர்மேனுக்கும் இதே கதிதான். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்பதைப் பென் மாமா சொன்னதாக எல்லாரும் நினைக்கிறார்கள். 1962-ல் அது கடைசிக் கட்டத்தின் மேலே வரும் கதைசொல்லியின் வாசகம். மாமா அதற்குள் செத்தே போயிருந்தார்.

என் அனுபவம்: அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. பொறுப்பு என்ற இடத்தில் ஓட்டை. முடிந்தது கதை.

அதனால் சொல்கிறேன், இங்கே பலர் பழைய இதழ்கள் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்தோடு ஊறிவிடும், பிரிக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிடக் கொடுமை. அந்தக் காலத்து நியூஸ்பிரின்ட் தானாகவே அமிலம் ஏறி நொறுங்கும் ரகம், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் நேராக இறங்கும். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள், பாட்டி வைத்தியம்தான், ஆனால் வாசனைக்குப் பூச்சி அண்டாது. அந்துருண்டை என்றால் காகிதத்தில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுக்கு ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். அடுக்கும்போது ஓரம் மடியாமல் நிமிர்த்தி வையுங்கள், மிகவும் இறுக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும்.

பழைய புத்தகக் கட்டு:
சார், கேட்டது ஒரிஜின் கதை. சரி, வசம்பைக் குறித்துக்கொண்டேன்.

ஸ்காபரோவில் இருந்து:
எனக்கு மாக்னெட்டோ, எக்ஸ்-மென் குழுவின் பரம எதிரி. எக்ஸ்-மென் 150, 1981. நான் கனடா வந்த முதல் குளிர்காலம், ஸ்கூலில் ஒரு பெடியன் தந்த புத்தகம், அட்டை இல்லை. எங்கட குடும்பம் 83-இல் கொழும்பை விட்டு வெளிக்கிட்டது, இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல ஏலாது.

மாக்னெட்டோ உலகத்தையே மிரட்டுகிறான், ஒரு நீர்மூழ்கியை ஆட்களோடு மூழ்கடிக்கிறான். சண்டையில் எக்ஸ்-மென் குழுவில் இருக்கிற கிட்டி பிரைட்டை அடித்து வீழ்த்துகிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறான். அவனுடைய குடும்பம் ஆஷ்விட்ஸில் அழிந்தது அந்த இதழில்தான் வருகிறது. தனக்குச் செய்யப்பட்டதைத் தானே ஒரு பிள்ளைக்குச் செய்துவிட்டேனே என்று அவனுக்கு விளங்குகிற இடம் அது.

அதில் அவன் தலைக்கவசம் இல்லாமல் நரைத்த தலையோடு இருப்பான். நான் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வாசித்த காலம், பாதிச் சொல் விளங்கவில்லை. அந்த முகம் விளங்கியது. 1963-இல் முதல் இதழில் வந்த மாக்னெட்டோவுக்கு இந்தக் கதை ஒன்றும் கிடையாது, வெறும் ஆணவக்காரன். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் பதினெட்டு வருஷம் கழித்து இதை வைத்தார். அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உதில யார் சரி?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் பிறகு கேட்கவில்லை.

எனக்கு சோகம் வேண்டாம்:
ஸ்காபரோ அண்ணன் சொன்னதில் கை வைக்கவில்லை, அது வேறு. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் செய்தது என்ன? எல்லா வில்லனுக்கும் ஒரு சோகக் கதை. அம்மா இல்லை, மனைவி செத்தாள், யாரோ ஏமாற்றினார்கள். கெட்டவனாக இருக்க ஒருத்தனுக்கு இப்போதெல்லாம் வருமானச் சான்றிதழ் மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. 1960-ல் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் ஏன் வில்லன் ஆனான்? தீயை அணைக்க சூப்பர்பாய் (சின்ன வயசு சூப்பர்மேன்) ஊதினான், லூதருக்கு முடி கொட்டிவிட்டது. அவ்வளவுதான்! எனக்கு அதுவே போதும்.

என் கட்டம்: மதுரைக்குப் போகும் இரவு ரயில், மேல் பெர்த், ஜோக்கரின் கதையான தி கில்லிங் ஜோக். ஓவியர் பிரையன் போலண்ட் 2008-ல் தானே நிறம் மாற்றிய பதிப்பு. ஜோக்கரின் பழைய நினைவுகள் மட்டும் கறுப்பு வெள்ளை, நடுவே அங்கங்கே சிவப்பு. பிழைக்கத் தெரியாத நகைச்சுவைக் கலைஞன், கர்ப்பிணி மனைவி, எனக்கே கண் கலங்குகிறது. கடைசியில் அவன், எனக்குப் பழசு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நினைவு வரும், கடந்தகாலம் என்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால் பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி இருக்கட்டும் என்கிறான். பொய்யா அப்போ? என் கண்ணீர் எதற்கு? கீழ் பெர்த்காரர் லைட்டை அணைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கூர்மண்டையர் ரசிகை:
முடிக்காக மட்டும் என்று சொல்லாதீர்கள் ஜி. லூதர் அதற்கு முன் சூப்பர்பாயின் பரம ரசிகன். சோதனைக்கூடத்தில் உயிர் ஒன்றைப் படைத்திருந்தான், சூப்பர்பாயைக் காப்பாற்ற, அவனுக்கு விஷமான கிரிப்டோனைட்டுக்கு மாற்று மருந்தும் செய்துகொண்டிருந்தான். அந்த ஊதலில் எல்லாம் நாசம். பொறாமையில் வேண்டுமென்றே செய்தான் என்று நம்பிவிடுகிறான். முடி கடைசிதான். அதை எழுதியவரும் சீகலேதான், போய்ப் பாருங்கள்.

எனக்கு சோகம் வேண்டாம்:
உயிரோ முடியோ, ஊதினதுக்காக ஊரை அழிப்பானா?

லத்வேரியா தூதர்:
இரண்டு பேருக்கும் ஒரே பதில், டாக்டர் டூம். சோகமும் உண்டு, மன்னிப்பும் கிடையாது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழின் 1964 ஆண்டு மலரில் வந்தது. கணக்கு தப்பாக இருக்கிறது என்று கூடப் படித்த ரீட் ரிச்சர்ட்ஸ் சொல்லியும் கேட்காமல் இயந்திரத்தை ஓட்டினான், வெடித்தது, முகம் போனது. பழி ரீட் மேல். திபெத்துப் பக்கம் மலையில் துறவிகளைக் கொண்டு கவசம் அடிக்க வைக்கிறான். முகமூடி இன்னும் ஆறவில்லை. பரவாயில்லை, இப்போதே மாட்டு என்கிறான்.

எங்கள் மாமா பையன் அதைப் படித்துவிட்டு, "வெடிச்சதுல முகம் எவ்ளோ போச்சு, இதுல எவ்ளோ போச்சு?" என்று கேட்டான். அப்போது எட்டு வயசு. பின்னால் ஜான் பைர்ன் வரைந்தபோது வெடியில் விழுந்தது ஒரு சின்னத் தழும்புதான், மிச்சம் அவனாகவே சூட்டை ஏற்றிக்கொண்டது. அந்தப் பையனுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது.

ராமபாணம்:
டூம் கதை நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்காபரோ தம்பி, அட்டை இல்லாத அந்த 150-ஆம் இதழ் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் முதுகில் குத்திய பின் துருப்பிடித்திருக்கும், உடனே கழற்றுங்கள். எப்படி என்று அடுத்த பதிவில் விளக்கமாகச் சொல்கிறேன்.