பழைய சர்க்யூட் பலகையிலிருந்து நுண்ணுயிர் மூலம் தாமிரம் எடுக்க முடியுமா?

பழைய இரும்புக் கடைக்காரர், கிருஷ்ணகிரி:
ஓசூர்ப் பக்கமிருந்து கழித்துக்கட்டிய கணினிப் பலகைகள் என் கடைக்கு வருகின்றன. சிலர் இவற்றை வாங்கிப்போய் ஏரிக்கரையில் எரித்துத் தாமிரம் எடுக்கிறார்கள். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாக்டீரியாவே உலோகத்தைப் பிரித்துத் தரும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். உண்மையா?

நுண்ணுயிரியல் ஆசிரியை, தர்மபுரி:
உண்மைதான் ஐயா. சுரங்கத்தின் அமில நீரில் வாழும் அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா, கரைசலிலுள்ள ஃபெரஸ் இரும்பு அயனியை ஆக்சிஜனேற்றி, எலக்ட்ரான் ஒன்று குறைந்த ஃபெரிக் இரும்பாக்குகிறது. அந்த ஃபெரிக் இரும்புதான் தாமிரத்தைக் கரைக்கிறது. கரைத்ததும் ஃபெரஸாக மாறிவிடும். பாக்டீரியா அதை மீண்டும் ஃபெரிக்காக்கும். சுழற்சி நிற்காது. கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) ஏறக்குறைய 2 இருக்க வேண்டும், அதாவது நல்ல அமிலமாக. பலகையை அரைத்துத்தான் கரைசலில் போடுவார்கள்; அந்தத் தூள் அமிலத்தைத் தின்றுவிடும், பாக்டீரியாவுக்கு நஞ்சும்கூட. ஆகவே முதலில் பாக்டீரியாவை வளர்த்து, பிறகே தூளைச் சேர்ப்பது நல்லது. கரைந்த தாமிரத்தை, உங்களிடம் கிடக்கும் இரும்புத் துண்டுகளை அதே கரைசலில் போட்டே படிய வைக்கலாம்!

கடைக்காரர்:
தங்கமும் வருமா அம்மா?

ஆசிரியை:
இந்த முறையில் வராது. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற வேறொரு பாக்டீரியா சயனைடை உருவாக்கித் தங்கத்தைக் கரைக்கும். அதில் அமிலம் கலந்தால் உயிர்கொல்லி வாயு கிளம்பும். கடையில் தயவுசெய்து முயலாதீர்கள்.

ஓசூர் வாசகர்:
தாமிரமானாலும் கடையில் வேண்டாம் அண்ணா. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, ஏப்ரல் 2023 முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சி செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். பலகைகளைப் பதிவுபெற்ற நிறுவனத்துக்கே விற்றுவிடுங்கள். எரிப்பவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.