அல்சூர் வீட்டு உறவுகள்: பாப்பாவின் சென்னைப் பயணம்

பாப்பா: அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்து வரும் சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் எங்கள் சைக்கிள் குழுவினர் பெங்களூர் அல்சூரிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓட்டிச் செல்கிறோம். இதையொட்டிச் சேரும் நன்கொடை அங்குள்ள ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகும். பாட்டியின் நினைவாக நான் கலந்துகொள்கிறேன்.

அத்தை: நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவிலா?

அம்மா: எனக்கே இன்று காலையில்தான் சொன்னாள்.

சித்தப்பா (டெல்லி): வாழ்த்துகள், பாப்பா. பணத்தை யாருக்கு அனுப்ப வேண்டும்?

பாப்பா: மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பிவிடுங்கள், சித்தப்பா. நாங்கள் யாரும் கையில் பணம் வாங்குவதில்லை. சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் அவரவருடையது.

பெரியப்பா: அதுதான் முறை. ஊராரிடம் வாங்கும் பணத்தில் ஓட்டுபவர்களின் விடுதிச் செலவும் சட்டைச் செலவும் கலந்துவிட்டால், கொடுத்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்றே தெரியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரி விலக்கு கிடையாது என்பதால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே இல்லை, ஆனாலும் கொடுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. நம் அம்மாவிடம் அங்கே யாரும் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

அண்ணன் (பாஸ்டன்): இங்கே பான்-மாஸ் சாலஞ்ச் என்ற சைக்கிள் பயணம் இருக்கிறது, அப்பா. தாயைப் புற்றுநோயில் இழந்த பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 பேரோடு தொடங்கினார். அந்த ஆண்டு சேர்ந்தது 10,200 டாலர். இன்று ஓட்டுபவர் ஒவ்வொருவரும் குறைந்தது இவ்வளவு திரட்டுவேன் என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் சேர முடியும்.

அத்தை: அம்மாவை அடையாறில் சேர்த்திருந்தபோது மாதக்கணக்கில் கூடவே இருந்தது நான். அதையும் யாராவது மறக்காமல் இருந்தால் சரி.

சித்தப்பா (டெல்லி): அக்கா, அதை இங்கே பேச வேண்டாம்.

அத்தை: வேறு எங்கே பேசுவது? நீ வருவதே இல்லையே.

பாப்பா: அத்தை, ஞாயிறு மாலை மருத்துவமனை வாசலுக்கு நீங்கள் வர வேண்டும். பாட்டியை நீங்கள் பார்த்துக்கொண்ட இடத்தில் உங்களோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அத்தை: ஞாயிறா? அன்றுதான் ஒயிட்ஃபீல்டில் நம் வீட்டுக் கிரகப்பிரவேசம்!

அம்மா: தேதி முடிவாகிவிட்டதா? எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே.

பெரியப்பா: அதைப் பிறகு பார்ப்போம். பாப்பா, வழியைப் பற்றிச் சொல்கிறேன். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னை வரை இறக்கம்தான், சுலபம் என்று நினைத்துவிடாதே. சூளகிரி தாண்டி இறக்கத்தில் வேகம் தானாக ஏறும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் சாலை வடகிழக்காகத் திரும்புகிறது; தை மாதத்தில் காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் வீசும், ஆகவே வேலூர் வரை காற்றை எதிர்த்தே மிதிக்க வேண்டியிருக்கும். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீரை மட்டும் நிறையக் குடி.

பாப்பா: தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், பெரியப்பா. அதனால் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்போம். பசிக்கும் முன்பே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிட்டுவிடுவோம். காற்றுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போவோம். முன்னால் போகிறவர்தான் காற்றை வாங்குவார் என்பதால் முறை மாற்றிக்கொள்வோம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. முதல் இரவு வேலூரில் தங்கல். விடியுமுன் கிளம்புகிற நேரத்துக்காகச் சிவப்பு விளக்கும் ஒளி தெறிக்கும் அங்கியும் இருக்கின்றன.

தம்பி: மதியம் ஆம்பூரில் பிரியாணி உண்டா?

பாப்பா: சாப்பிட்டால் வேலூர் வரை மிதிக்க முடியாது. தயிர் சாதம்தான்.

அம்மா: பின்னால் ஒரு கார் வந்தால்தான் நான் அனுப்புவேன்.

பாப்பா: குழுவுக்கு ஒரு வண்டி இருக்கிறது, அம்மா. இன்னொன்று வந்தால் நல்லதுதான். சைக்கிள் டியூப், முதலுதவிப் பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைக்கலாம்.

சித்தப்பா (டெல்லி): விடுப்புக் கிடைத்தால் நான் வந்து ஓட்டுகிறேன்.

அத்தை: கிடைத்தால் என்று சொல்லாதே. வருகிறாயா, இல்லையா?

சித்தப்பா (டெல்லி): திங்கட்கிழமை சொல்கிறேன், அக்கா.

பெரியப்பா: அவன் வராவிட்டால் நான் ஓட்டுகிறேன்.

அம்மா: கண் அறுவை செய்து முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை. நீங்கள் ஓட்டக் கூடாது.

அத்தை: சனிக்கிழமைக்கு முகூர்த்தம் இருக்கிறதா என்று ஐயரிடம் கேட்கிறேன். இருந்தால் ஞாயிறு காலை ரயிலில் அடையாறு வந்துவிடுவேன். இல்லையென்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பாப்பா, அந்தக் கணக்கு எண்ணை எனக்குத் தனியாக அனுப்பு.